வெள்ளைக்காரன் போன திகதியைத் தேடித் தொலைத்த 11 மாதங்கள்

நான் திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், வரலாறு படிப்பிக்கிற ஒரு பாடசாலை ஆசிரியன். வார இறுதி வகுப்புக்குப் போய் முதுகலைப் பட்டம் படித்தபோது, ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று அதிகம் மண்டையை உடைக்கவில்லை. உவர்மலையில் வளர்ந்தவன் நான். அப்பப்பா டொக்யார்ட்டில், அதாவது பிரித்தானியக் கடற்படையின் கப்பல் பட்டறையில், மெசின் பூட்டுகிற பிட்டராக இருந்தவர். பிரித்தானியர் இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனதை எழுதுவோம், அரைவாசிக் கதை வீட்டிலேயே இருக்கிறது என்று துணிந்து இறங்கினேன். முடித்துவிட்டேன், பட்டமும் கிடைத்தது. ஆனால் இடையில் 11 மாதங்கள் வீணாகப் போயின. காசுக் கணக்கு 146,000 ரூபாய்: லண்டனில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தது 85,000, கொழும்புக்கு ஆறு தடவை போய்வந்தது 36,000, காலம் பிந்தியதால் பதிவைப் புதுப்பித்தது 25,000. இந்த முழுத்தொகையை மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொண்டால் சரி, வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இதே போன்ற தலைப்பை எடுத்துக்கொண்டு தனியாக நிற்கிற ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிழை என் தலைப்பிலேயே இருந்தது. "1948-ல் திருகோணமலையிலிருந்து பிரித்தானியர் வெளியேற்றம்" என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு அனுமதியும் கிடைத்தது, யாரும் மறிக்கவில்லை. 1948 பெப்ரவரி 4 சுதந்திரம், ஆகவே வெள்ளைக்காரன் போய்விட்டான் என்ற பாடப்புத்தகக் கணக்கு என் தலைக்குள் அப்படியே இருந்தது. வருடாவருடம் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுக்கிறேன்! நான்கு மாதம் உழைத்து முதல் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்பார்வையாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, 1948-ல போயிட்டினம் எண்டால், 1957-ல கொடி இறக்கினது ஆர்?" என்று கேட்டார். பதில் இல்லை. அன்று பின்னேரம் டச்சுக்குடா மணலில் இருட்டும் வரைக்கும் இருந்தேன். வெட்கம் என்று சொன்னால் போதாது. நான் வரலாறு படிப்பிக்கிறவன்.

நடந்தது இதுதான். சுதந்திரத்துக்கு முன்பே, 1947 நவம்பர் 11-ல், பிரித்தானியாவும் இலங்கையும் மூன்று ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஒன்று பாதுகாப்பு, ஒன்று வெளிவிவகாரம், மற்றது அரச உத்தியோகத்தர் பற்றியது. பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியா இங்கே கடற்படை, விமானப்படைத் தளங்களை வைத்திருக்கலாம். எதுவரைக்கும் என்று அதில் எழுதவில்லை. முடிவுத் திகதி இல்லாத குத்தகை மாதிரி ஒன்று. அப்போது பிரதமராக இருந்த டி. எஸ். சேனநாயக்காவுக்கும் அது வசதியாகவே இருந்தது, பக்கத்தில் பெரிய இந்தியா இருக்கிறதே என்ற பயம். விலையையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஐ.நா.வில் சேர இலங்கை விண்ணப்பித்தபோது, வெள்ளைக்காரனுடைய தளங்களை வைத்துக்கொண்டிருப்பது சுதந்திர நாடா என்று கேட்டு சோவியத் யூனியன் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் அங்கே இடம் கிடைத்தது. பிறகு 1956 ஏப்ரலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தேர்தலில் வென்று பிரதமரானார். அந்த வருடமே லண்டனில் பொதுநலவாயப் பிரதமர்கள் கூடியபோது தளங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று பேசி, கொள்கையளவில் சம்மதம் வாங்கிவிட்டார். 1957 ஜூனில் இரண்டு அரசுகளும் கடிதங்கள் பரிமாறின. ஒக்டோபர் 15-ல் திருகோணமலைத் தளமும், நவம்பர் 1-ல் கட்டுநாயக்கா விமானத் தளமும் கைமாறின. அதோடும் முடியவில்லை. சில வசதிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு இன்னும் சில வருடங்கள் பாவிக்கலாம் என்று அந்தக் கடிதங்களிலேயே ஏற்பாடு இருந்தது. சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகள் 1960-களில்தான் இலங்கையின் கைக்கு வந்தன.

இதே மாதிரித் தலைப்பு எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம், தலைப்பில் ஒற்றை வருடத்தைப் போடாதீர்கள். ஒரு வல்லரசு ஓர் இடத்தை விட்டுப் போவது கலியாண வீட்டிலிருந்து விருந்தாளி போவது மாதிரித்தான். போயிட்டு வாறம் என்று சொல்லி எழும்புவார்கள், வாசலில் நின்று அரை மணித்தியாலம் கதைப்பார்கள், படலையில் இன்னொரு கதை. நான் கடைசியில் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் ஆறு நிரல் கீறினேன். ஆட்சி அதிகாரம், கொடி, காணியும் கட்டடமும், எண்ணெயும் களஞ்சியமும், செய்தித்தொடர்பு, ஆட்கள். ஒவ்வொன்றும் எப்போது கைமாறியது என்று நிரப்பத் தொடங்கியபோதுதான் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு வருடத்தில் முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. முதல் கிழமையே இதைச் செய்திருந்தால் நாலு மாதம் மிச்சம். அந்த சார்ட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். ஒரு மூலையை எலி தின்றுவிட்டது.

இனி லண்டன்காரர் கதை. தலைப்பைத் திருத்திய பிறகு மூல ஆவணம் வேண்டும் என்று ஓர் அவசரம் பிடித்துக்கொண்டது. தெரிந்த ஒருவர் மூலமாக, லண்டனில் காசுக்கு ஆவணம் தேடிக் கொடுக்கிற ஒருவரின் தொடர்பு கிடைத்தது. "இந்தியா ஒஃபிஸ் கோப்புகளில் திருகோணமலை பற்றி இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துத் தாருங்கள்" என்று நான்தான் எழுதினேன். இந்தியா ஒஃபிஸ் என்பது இந்தியாவை ஆள லண்டனில் இருந்த அலுவலகம்; வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்தை ஆண்டதும் அது மூலமாகத்தானே என்ற நினைப்பு. அவர் மறுப்புச் சொல்லவில்லை, இரண்டு தவணையாகக் காசை வாங்கினார். ஏழு கிழமை கழித்து 300-க்கு மேற்பட்ட படங்கள் வந்தன. ஆசையாகத் திறந்தால் கப்பல் நிலக்கரிக் கணக்கு, கொள்ளை நோய்த் தடுப்பு, இந்தியாவிலிருந்து வந்த படைகளின் சாப்பாட்டுச் செலவு. 1950-களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரைக் கேட்டால், நீங்கள் கேட்டதைத்தானே தந்தேன் என்றார். நியாயம்தான். ஆனாலும் 85,000 ரூபாயை வாங்க முன்னர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் புகைகிறது.

இலங்கை இந்தியா ஒஃபிஸின் கீழ் இருக்கவில்லை. அது முடிக்குரிய குடியேற்ற நாடு, குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கீழ் வந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கிறது. 1948-க்குப் பிறகு இலங்கை விவகாரம் பொதுநலவாய உறவுகள் அலுவலகத்துக்குப் போய்விட்டது, ஆகவே டி.ஓ. 35 வரிசையைப் பார்க்க வேண்டும். கடற்படைப் பக்கத்துக்கு ஏ.டி.எம். என்று தொடங்கும் வரிசைகள். அமைச்சரவைப் பத்திரங்களை, கேப் 129 போன்றவற்றை, வீட்டில் இருந்தபடியே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிரித்தானிய நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டும் இலவசம். இந்த இரண்டையும் வாசித்தாலே எந்தக் கோப்பு வேண்டும் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கோப்பு இலக்கத்தோடு ஆளைப் பிடியுங்கள். நான் கடைசியில் செய்தது அதுதான். அங்கே படிக்கிற என் பழைய மாணவன் ஒருவன் கடவுச்சீட்டையும் விலாசச் சான்றையும் காட்டி வாசகர் அட்டை எடுத்தான், ஒரே நாளில் ஒன்பது கோப்புகளைத் தன் கைபேசியால் படம் எடுத்து அனுப்பினான். சொந்தக் கைபேசியில் எடுத்தால் அங்கே கட்டணம் இல்லை. ரயில் காசும் மத்தியானச் சாப்பாடும்தான் செலவு, அதையும் அவன் என்னிடம் வாங்கவில்லை. "சேர், நீங்கள் எனக்கு அடிச்ச அடிக்கு இது கணக்கில்லை" என்று எழுதியிருந்தான். பாராட்டா பழிவாங்கலா என்று விளங்கவில்லை.

கொழும்புப் பயணங்களில் இரண்டு என் கவனக்குறைவால் பாழாகின. ஒருமுறை இரவு ரயிலில் போய் விடிய இறங்கினால் போயா நாள், பௌர்ணமி விடுமுறை. நாட்காட்டி பார்க்கவில்லை. கோட்டை ஸ்டேஷன் வாங்கில் பகல் முழுவதும் இருந்துவிட்டு இரவு ரயிலிலேயே திரும்பினேன். இன்னொருமுறை தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1957 ஒக்டோபர்ப் பத்திரிகைகளை மட்டும் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு வந்தேன். கொடி இறங்கிய செய்தியும் பேச்சுகளும் கிடைத்தன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. விழா நாள் பத்திரிகை விழாவைத்தான் சொல்லும். சச்சரவு எல்லாம் முன்னும் பின்னும் இருக்கிறது: ஜூன் மாதத்தில், அடுத்த வருடத்து வரவு செலவு விவாதத்தில், வேலை போனவர்கள் பற்றிய மூன்று வரிச் செய்திகளில். அதற்காக மறுபடி இரண்டு தடவை போனேன். பத்திரிகை பார்க்கப் போகிறவர்கள் முக்கிய நாளுக்கு ஆறு மாதம் முன்னும் ஒரு வருடம் பின்னும் சேர்த்தே கேளுங்கள். பழைய தமிழ் இதழ்கள் கொஞ்சம் நூலகம் இணையத்தளத்திலேயே இருக்கின்றன, கொழும்புக்குப் போக முன்னர் அங்கே தேடுங்கள். ஒரு சுவெட்டரும் பென்சிலும் கொண்டுபோங்கள். பென்சிலை மறந்தால் கடை தேடி அலைய வேண்டும்.

காசு விஷயத்தில் இன்னொரு கூத்து. தளங்களில் இருந்த கட்டடங்களுக்கும் நிலையான சொத்துகளுக்கும் இலங்கை பணம் கொடுத்தது. ஓர் இடத்தில் 22 மில்லியன் ரூபாய் என்றும் இன்னோர் இடத்தில் கிட்டத்தட்ட 1.65 மில்லியன் பவுண் என்றும் கிடந்தது. இன்றைய நாணய மாற்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஏதோ மறைமுகப் பேரம் நடந்திருக்கிறது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்போது ஒரு ரூபாய்க்கு ஒரு ஷிலிங் ஆறு பென்ஸ், அதாவது ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 13 ரூபாய் 33 சதம். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே தொகை. ஐந்து வருடத்தில் கட்டி முடிக்க வேண்டிய தொகை. ஆறாம் வகுப்புக் கணக்கு.

பிரித்தானியா ஏன் அவசரப்படாமல் போனது என்ற கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். அந்த நேரம் வீணில்லை. சிங்கப்பூருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிற விமானங்களுக்கு நடுவில் இறங்க ஓர் இடம் வேண்டும். கட்டுநாயக்கா போனால் வேறு எங்கே? மாலைதீவில், அத்து தீவுக்கூட்டத்தின் கன் தீவில், 1957-ல் வேலை தொடங்கினார்கள். அங்கிருந்து 1976-ல்தான் போனார்கள். அதாவது இங்கே விட்ட இடத்தை அங்கே பிடித்துக்கொண்டுதான் கையை எடுத்தார்கள். 1956 ஜூலையில் நாசர் சூயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, அந்த வருட முடிவில் பிரித்தானியா அங்கே போய்ப் பட்ட அவமானம் உலகறிந்தது. வீட்டுக்காரனின் சம்மதம் இல்லாமல் பாவிக்க முடியாத தளத்தை வைத்திருந்து என்ன செய்வது என்ற எண்ணம் அதற்குப் பிறகு லண்டனில் வலுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1957 ஏப்ரலில் பிரித்தானியா படைச் செலவைக் குறைக்கிற வெள்ளை அறிக்கையையும் வெளியிட்டது. பண்டாரநாயக்கா துரத்தினார், வெள்ளைக்காரன் ஓடினான் என்று நம் ஊர் மேடைகளில் சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை. இருவருமே மெதுவாகச் செய்ய விரும்பினார்கள். கொழும்புக்கும் ஒரே நாளில் அவ்வளவு வேலையையும் வருமானத்தையும் இழக்க மனமில்லை.

ஆனால் அந்த சார்ட்டில் கடைசி நிரல், ஆட்கள் என்று நான் எழுதிய நிரல், வெறுமையாகவே கிடந்தது. சொத்துக்குத் தொகை உண்டு, கொடிக்குத் திகதி உண்டு. டொக்யார்ட் லேபருக்கு, அந்தத் தொழிலாளருக்கு? அது நடந்த காலத்தையும் பாருங்கள். 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம். ஒகஸ்ட் 19-ல் இதே திருமலையில் தமிழரசுக் கட்சி மாநாடு கூடி அரசுக்குக் காலக்கெடு வைத்தது. 1957 ஜூலை 26-ல் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம். தளம் பற்றிய கடிதங்களுக்கும் கொடி இறக்கத்துக்கும் நடுவில்தான் அந்த ஒப்பந்தம் வருகிறது. தளம் மூடியதால் வேலை இழந்த சுமார் 400 தமிழ்த் தொழிலாளரை வேறொரு பகுதியில் குடியேற்ற அரசு யோசித்தபோது, அங்கே எழுந்த எதிர்ப்பு 1958 மே கலவரத்துக்கு முந்திய பதற்றங்களில் ஒன்றானது. லண்டன் கோப்புகளில் எண்ணெய்க்கும் வானொலிக் கம்பத்துக்கும் எத்தனையோ பக்கங்கள். நான் பார்த்த ஒன்பது கோப்புகளில் லேபருக்கு ஒன்றரைப் பக்கம்.

ஆகவே ஆட்களிடம் போனேன். இங்கேயும் பிழை விட்டேன். 80, 90 வயதுக்காரரிடம் போய் "பிரித்தானியர் எப்போது வெளியேறினார்கள்?" என்று கேட்டால், அவர் பத்திரிகையில் வாசித்ததையோ பேரன் பாடமாக்கியதையோ சொல்லுவார். முதல் ஏழு பேட்டிகளும் அப்படியே போயின. எட்டாவது வீட்டில் ஒரு ஆச்சி என் கேள்வியைக் காதிலே வாங்காமல், "அவருக்குக் கடைசிச் சம்பளம் வந்த மாதம் எனக்கு மூத்தவன் வயித்தில" என்றார். அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றினேன். கடைசிச் சம்பளம் எப்போது? கேட்டில் பாஸ் காட்டுவது எப்போது நின்றது? குவாட்டர்ஸை எந்த மழைக்கு முன்னர் விட்டீர்கள்? அதற்குப் பிறகு சாமான் எங்கே வாங்கினீர்கள்? திகதி தானாக வந்தது. பிள்ளை பிறந்த பத்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடிந்தது. இன்னொன்று, பதிவுக் கருவியை மேசையில் வைத்த கையோடு பேச்சு மாறிவிடும். தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் எடுக்காதீர்கள். 58 கலவரம் பற்றிக் கேட்கிறதாக இருந்தால் வீட்டில் வேறு ஆட்கள் இருக்கும்போது கேட்காதீர்கள். ஒரு வீட்டில் நான் கேட்டதும் மகள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார், அன்றைக்கு அதோடு சரி.

என் அப்பப்பாவின் கதை எனக்குக் கடைசியில்தான் கிடைத்தது. நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அவர் போய்விட்டார். வெள்ளைக்காரன் போகும்போது டொக்யார்ட்டில் எல்லாரும் அழுதார்கள் என்று அப்பா சொல்லுவார், நானும் அதை முதல் அத்தியாயத்தின் முதல் வரியாகவே எழுதி வைத்திருந்தேன். மனையாவெளியில் இருக்கிற மாமி வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதைத் திறக்க எனக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை சாவி இல்லை, இரண்டாம் தடவை மாமிக்கு மனமில்லை. மூன்றாம் தடவை அவவே வெளியில் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தா. உள்ளே பழைய சேலை, இரண்டு சாதகம், ஒரு அளவுகோல், மடித்த ஒரு காகிதம். வேலையிலிருந்து விடுவித்த சான்று. திகதி 1959 மார்ச். கொடி இறங்கி ஒன்றரை வருடம் கழித்து! அந்த ஒன்றரை வருடம் அவர் என்ன செய்தார் என்று மாமியைக் கேட்டேன். "களட்டினவர்" என்றா. மெசின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, பெட்டிக்கு இலக்கம் அடித்துக் கப்பலேற்றுகிற வேலை. தான் பூட்டிய மெசினைத் தானே கழற்றி அனுப்பியிருக்கிறார். அழுதாரா என்று கேட்டேன். "அழேல்லை. சம்பளம் வந்ததுதானே" என்றா.

முதல் வரியை அன்றிரவே வெட்டினேன். சான்றைக் கேட்டதற்கு மாமி தரவில்லை. அவ சொன்னது சரி, ஆய்வு முடிந்தால் நான் எங்கே வைப்பேனோ தெரியாது. விறாந்தை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். காகிதத்தை மடிப்பு உடையாமல் திறக்க வேண்டும் என்றால் வெயில் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வைத்து மெதுவாக விரியுங்கள். இழுத்தால் மடிப்பிலேயே பிரிந்துவிடும். ஒரு மூலை என் கையில் வந்துவிட்டது, மாமி பார்க்கவில்லை.

போன கிழமை லண்டன்காரரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. திருகோணமலை நிலக்கரி பற்றி இன்னும் சில கோப்புகள் கிடைத்திருக்கிறதாம், வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.